எலக்ட்ரோகலோரிக் விளைவும் தயக்கமும்: அளப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு பீங்கான் மின்தேக்கியின் வெப்பநிலைப் பதிவில் இரண்டே அசைவுகள் இருந்தன. மின்னழுத்தம் கொடுத்ததும் 0.52 டிகிரி ஏற்றம். அது மெல்ல வடிந்து பழைய இடத்துக்கு வந்தது. மின்னழுத்தத்தை எடுத்ததும் 0.44 டிகிரி இறக்கம். முதல்முறை இந்த அளவீட்டைச் செய்தபோது ஏற்றத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அரை டிகிரி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். குளிர்விப்பது இறக்கம்தானே, ஏற்றத்தை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அப்புறம் அடுத்த கேள்வி: அந்த 0.08 டிகிரி எங்கே போனது?

இந்தத் துறையில் வெளியாகும் பெரிய பெரிய எண்களைப் படிக்கும்போதும், சொந்தமாக ஒரு மாதிரியை அளக்கும்போதும், அந்த 0.08-ஐத் துரத்துவதுதான் பாதி வேலை. இந்த வழிகாட்டி அதை வைத்தே நகர்கிறது. பிளஸ் டூ இயற்பியல் நினைவில் இருந்தால் போதும்.

பொருளுக்குள் என்ன நடக்கிறது

ஒரு ரப்பர் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் சூடு தெரியும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டு, பிறகு விட்டுவிட்டு உதட்டில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். இழுக்கும்போது ரப்பரின் மூலக்கூறுகள் வரிசைப்படுகின்றன. ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, அந்த வகையில் குறைகிறது. வெளியே வெப்பம் போக நேரமில்லாததால், அங்கே குறைந்த என்ட்ரோபி அணுக்களின் அதிர்வில் கூடி, பொருள் சூடாகிறது.

ஃபெரோஎலக்ட்ரிக் பொருளில், அதாவது வெளிப்புலம் இல்லாமலேயே உள்ளே மின் இருமுனைகள் வரிசைப்பட்டு நிற்கும் பொருளில், இழுப்பது கை அல்ல, மின்புலம். பேரியம் டைட்டனேட் படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு அலகிலும் நடுவில் இருக்கும் டைட்டேனியம் அயனி, சுற்றியுள்ள ஆக்சிஜன் கூண்டின் மையத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. அதனால் ஒவ்வொரு அலகும் ஒரு குட்டி மின் இருமுனை. கியூரி வெப்பநிலைக்கு மேலே, பேரியம் டைட்டனேட்டில் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேலே, இந்த ஒழுங்கு கலைந்துவிடும். அந்த எல்லையின் அருகில் மின்புலம் கொடுத்தால் இருமுனைகள் வரிசைக்கு வரும், பொருள் சூடாகும். சூட்டை வெளியே விட்டுவிட்டு மின்புலத்தை எடுத்தால் வரிசை கலையும், பொருள் குளிரும். இதுதான் எலக்ட்ரோகலோரிக் விளைவு.

கணக்கில் பார்த்தால் விஷயம் இன்னும் எளிது. லாண்டாவ் கோட்பாட்டின்படி, இருமுனை ஒழுங்கால் குறையும் என்ட்ரோபி முனைவாக்கத்தின் (இருமுனைகள் எவ்வளவு வரிசைப்பட்டுள்ளன என்பதன் அளவு) வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முனைவாக்கம் இரட்டித்தால் என்ட்ரோபிக் குறைவு நான்கு மடங்கு. இந்த வர்க்கத்தை நினைவில் வையுங்கள், கீழே மறுபடியும் வரும்.

வரலாறு நீளமானது, ஆனால் பெரும்பகுதி தூக்கம். வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1878-லேயே வெப்ப இயக்கவியலை வைத்து இப்படியொன்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1920-ல் வாலசெக் ரோஷல் உப்பில் ஃபெரோஎலக்ட்ரிக் பண்பைக் கண்டார். 1930-ல் கோபெகோவும் குர்ச்சடோவும் அதே உப்பில் எலக்ட்ரோகலோரிக் விளைவை அளந்தார்கள். பின்னாளில் சோவியத் அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய அதே குர்ச்சடோவ்தான். அதன்பின் பல பத்தாண்டுகள் இரண்டு மூன்று டிகிரிக்குள்ளேயே எண்கள் வந்துகொண்டிருந்தன. 2006-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 350 நானோமீட்டர் தடிமனுள்ள லெட் சிர்கோனேட் டைட்டனேட் படலத்தில், 226 டிகிரி செல்சியஸில், 25 வோல்ட்டுக்கு 12 டிகிரி மாற்றம் என்று கணக்கிட்டுக் காட்டியபோது எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். "கணக்கிட்டு" என்ற சொல் முக்கியம். அது நேரடியாக வெப்பமானி வைத்து எடுத்த எண் அல்ல.

தயக்கம் எங்கெல்லாம் நுழைகிறது

தயக்கம் (ஹிஸ்டரிசிஸ்) என்றதும் நாம் படித்த காந்தத் தயக்க வளையம்தான் நினைவுக்கு வரும். ஃபெரோஎலக்ட்ரிக்கிலும் அதே உருவம்தான்: கிடைமட்டத்தில் மின்புலம், செங்குத்தில் முனைவாக்கம். புலத்தைப் பூஜ்யமாக்கினாலும் மீந்து நிற்பது மிச்ச முனைவாக்கம். அதை அழிக்க எதிர்த்திசையில் தேவைப்படுவது கோயர்சிவ் புலம்.

குளிர்விப்பவருக்கு இந்த வளையம் இரண்டு விதத்தில் செலவு வைக்கிறது.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. வளையத்தின் பரப்பளவு, ஒரு சுழற்சியில் ஒரு கன செண்டிமீட்டர் பொருளுக்குள் வெப்பமாக வீணாகும் ஆற்றல். பேரியம் டைட்டனேட்டில் மிச்ச முனைவாக்கம் ஒரு சதுர செமீக்கு 20 மைக்ரோகூலும், கோயர்சிவ் புலம் செமீக்கு 5 கிலோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தைச் செவ்வகமாக எண்ணினால் பரப்பளவு 4 × 20 × 5, அதாவது 400 மில்லிஜூல். இந்தப் பொருளின் வெப்ப ஏற்புத்திறன் ஒரு கன செமீக்கு, ஒரு கெல்வினுக்குச் சுமார் 3 ஜூல். ஆக, முழு வளையத்தை ஒருமுறை சுற்றினால் 0.13 டிகிரி சூடு. தாங்கிக்கொள்ளலாம்.

இப்போது இதே கணக்கைப் பாலிமருக்குப் போட்டுப் பாருங்கள். வினைலிடின் ஃபுளோரைடு, ட்ரைஃபுளோரோஎத்திலீன் சேர்ந்த கோபாலிமரில் மிச்ச முனைவாக்கம் 7 மைக்ரோகூலும் அளவில்தான். ஆனால் கோயர்சிவ் புலம் செமீக்கு 500 கிலோவோல்ட். 4 × 7 × 500 என்றால் 14 ஜூல். வெப்ப ஏற்புத்திறன் சுமார் 2.5 ஜூல். ஒரு சுற்றுக்கு 5 டிகிரிக்கு மேல் சூடு! குளிர்விக்க வந்த பொருள் அடுப்பாகிவிட்டது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குளிர்விப்பானில் யாரும் புலத்தை இருபக்கமும் புரட்டுவதில்லை. பூஜ்யத்திலிருந்து மேலே போய்ப் பூஜ்யத்துக்கே திரும்புவார்கள். ஆகவே செலவாவது அந்த ஒருபக்க வளையத்தின் மெல்லிய பரப்பு மட்டும்தான். முழு வளையத்தின் பரப்பைக் காட்டி ஒரு பொருளை நிராகரித்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், அது சரியல்ல.

ஆனால் ஒருபக்கமாகவே ஓட்டினால் தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது. இரண்டாவது செலவு அங்கேதான் காத்திருக்கிறது. புலத்தை எடுத்த பிறகும் மிச்ச முனைவாக்கம் கலையாமல் நிற்கிறது. கலையாத ஒழுங்கு குளிர்ச்சி தராது. என்ட்ரோபி வர்க்கத்தில் போகிறது என்றோமே, அதைப் போடுங்கள். உச்ச முனைவாக்கம் 30, மிச்சம் 25 என்றால் கிடைப்பது 900-இல் 625 போக 275. அதே உச்சத்தில் மிச்சம் 5 மட்டும் என்றால் 900-இல் 25 போக 875. உச்ச மதிப்பு ஒன்றுதான், குளிர்ச்சி மூன்று மடங்குக்கு மேல். கொழுத்த வளையம் உள்ள பொருளை வேண்டாம் என்று சொல்ல என்னைப் பொறுத்தவரை இதுதான் வலுவான காரணம். வெப்ப இழப்பு இரண்டாவதுதான்.

இவை தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு: வெப்பத் தயக்கம். சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையிலும், ஆறவிடும்போது அதற்குக் கீழே சில டிகிரியிலும் நிலைமாற்றம் நடப்பது. அதைப் படி 7-ல் பார்ப்போம்.

படி 1: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கியூரி வெப்பநிலை உங்களுக்கு வேண்டிய வேலை வெப்பநிலைக்கு அருகில் இருக்க வேண்டும். இது முதல் சல்லடை. சுத்தமான பேரியம் டைட்டனேட் 120 டிகிரியில் உட்கார்ந்திருப்பதால் அறை வெப்பநிலைக்கு ஆகாது. ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியம் போன்றவற்றைக் கலந்து அதைக் கீழே இறக்குவார்கள். லெட் ஸ்காண்டியம் டான்டலேட் இயல்பாகவே அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் இன்றைய கருவிகளில் அதற்கு அவ்வளவு மவுசு. ஈயம் இருப்பது அதன் குறை.

அடுத்த சல்லடை வளையத்தின் உருவம். இங்கேதான் ரிலாக்சர் எனப்படும் வகை வருகிறது. லெட் மெக்னீசியம் நியோபேட் இதற்கு நல்ல உதாரணம். இதில் பெரிய டொமைன்கள், அதாவது இருமுனைகள் ஒரே திசையில் நிற்கும் பகுதிகள், கிடையாது. நானோமீட்டர் அளவிலான சின்னச் சின்ன முனைவுத் திட்டுகள், ஆளுக்கொரு திசையில். புலம் கொடுத்தால் திரும்பும், எடுத்தால் மறுபடி சிதறும். வளையம் ஒல்லியாக, மிச்ச முனைவாக்கம் சொற்பமாக இருக்கும். பாலிமரிலும் இதே தந்திரம்: கோபாலிமரில் குளோரோஃபுளோரோஎத்திலீன் என்ற மூன்றாவது உறுப்பைச் செருகினால், நீண்ட ஒழுங்கு உடைந்து அந்த 5 டிகிரி அடுப்பு அடங்கிவிடுகிறது.

லெட் சிர்கோனேட் போன்ற எதிர் ஃபெரோஎலக்ட்ரிக்குகளில் (பக்கத்துப் பக்கத்து இருமுனைகள் எதிரெதிராக நிற்பவை) புலம் கொடுக்கும்போதே குளிரும் தலைகீழ் விளைவும் உண்டு. சுவாரசியமானது, ஆனால் முதல் மாதிரியாக அதை எடுக்காதீர்கள். குறிகளில் குழம்பிவிடுவீர்கள்.

படி 2: தடிமனை நேரத்தோடு சேர்த்து முடிவு செய்யுங்கள்

மெல்லிய படலம் அதிகப் புலம் தாங்கும், ஆகவே அதிக டிகிரி. அப்படியென்றால் எல்லோரும் படலத்தையே எடுத்தால் என்ன?

பீங்கானில் வெப்பம் பரவும் வேகம் வினாடிக்குச் சுமார் 1 சதுர மில்லிமீட்டர். தடிமனின் வர்க்கத்தை இதனால் வகுத்தால் சூடு கடந்துபோகும் நேரம் கிடைக்கும். 100 மைக்ரோமீட்டர் தட்டுக்கு அது 10 மில்லிவினாடி. 350 நானோமீட்டர் படலத்துக்கு ஒரு மைக்ரோவினாடியில் பத்தில் ஒரு பங்கு. நீங்கள் வெப்பமானியைப் பார்ப்பதற்குள், படலத்தைப் போல ஆயிரம் மடங்கு தடித்த அடித்தளம் அந்தச் சூட்டை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கும். படலத்தின் 12 டிகிரியை நேரடியாகப் பார்ப்பது ஏன் கடினம் என்பதற்கும், அந்த 12 டிகிரியால் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் குளிர்விக்க முடியாது என்பதற்கும் காரணம் ஒன்றுதான்: பொருள் கொஞ்சம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி பலஅடுக்கு மின்தேக்கி. மின்னணுச் சுற்றுகளில் எங்கும் இருக்கும் அதே பீங்கான் மின்தேக்கிதான். ஒவ்வொரு அடுக்கும் மெல்லியது, அதனால் குறைந்த வோல்ட்டிலேயே புலம் அதிகம். அடுக்குகள் நிறைய, அதனால் மொத்தப் பொருளும் போதுமானது. உள்ளே ஓடும் உலோக மின்முனைகள் வெப்பத்தை வெளியே கடத்தும் பாதைகளாகவும் வேலை செய்கின்றன. கடையில் கிடைக்கும் பேரியம் டைட்டனேட் வகை மின்தேக்கியிலேயே அரை டிகிரி அளவுக்கு விளைவைப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மாதிரி இல்லை.

படி 3: வளையங்களை எடுங்கள்

இதற்கான அடிப்படைச் சுற்று சாயர், டவர் இருவரும் 1930-ல் கொடுத்தது. மாதிரியோடு தொடரில் ஒரு பெரிய சாதாரண மின்தேக்கியை இணையுங்கள். இரண்டிலும் ஒரே மின்னூட்டம்தான் சேரும். ஆகவே சாதாரண மின்தேக்கியின் மின்னழுத்தத்தை அளந்தால் மாதிரியின் மின்னூட்டம் தெரியும். மின்முனையின் பரப்பால் வகுத்தால் முனைவாக்கம். இன்றைய கருவிகள் இதை உள்ளேயே செய்துவிடுகின்றன, ஆனால் என்ன செய்கின்றன என்று தெரிந்திருப்பது நல்லது.

அளக்கும்போது:

- கியூரி வெப்பநிலைக்குக் கீழே 30 டிகிரியில் தொடங்கி மேலே 30 டிகிரி வரை போங்கள். எல்லைக்கு அருகில் 2 டிகிரி இடைவெளி, தூரத்தில் 5 டிகிரி போதும்.
- ஒவ்வொரு வெப்பநிலையிலும் மாதிரி நிலைபெறும்வரை காத்திருங்கள். அடுப்பின் காட்டி நிலைபெறுவது வேறு, மாதிரி நிலைபெறுவது வேறு.
- சூடாக்கிக்கொண்டே ஒரு தொகுப்பு, ஆறவிட்டுக்கொண்டே இன்னொரு தொகுப்பு.

முனை வட்டமாகி, வாழைப்பழம் போல உப்பிய வளையம் வந்தால் மகிழ வேண்டாம். அது கசிவு மின்னோட்டம். ஜேம்ஸ் ஸ்காட் என்ற இயற்பியலாளர் 2008-ல் நிஜமாகவே வாழைப்பழத் தோலில் மின்முனை வைத்து இதேபோல வளையம் எடுத்துக் காட்டினார். வாழைப்பழத் தோல் ஃபெரோஎலக்ட்ரிக் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் வளையம் வருகிறது என்றால், வளையம் மட்டும் சாட்சியாகாது. உண்மையான ஃபெரோஎலக்ட்ரிக் வளையம் உயர்ந்த புலத்தில் நிறைவடைந்து கூர்மையான நுனியாக முடியும். அதிர்வெண்ணை மாற்றிப் பாருங்கள்: அதிர்வெண் குறையக் குறைய வளையம் வேகமாக உப்பினால் கசிவைச் சந்தேகியுங்கள்.

படி 4: மறைமுகக் கணக்கு

மேக்ஸ்வெல் தொடர்பு ஒரு வரம். முனைவாக்கம் வெப்பநிலையோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும், என்ட்ரோபி மின்புலத்தோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் சமம் என்கிறது அது. ஆகவே வெப்பமானியே இல்லாமல் கணக்கிடலாம்:

வெப்பநிலை மாற்றம் = வெப்பநிலை × முனைவாக்கச் சரிவு × மின்புல மாற்றம் ÷ வெப்ப ஏற்புத்திறன்

முனைவாக்கச் சரிவு என்பது ஒரு டிகிரி ஏறினால் முனைவாக்கம் எவ்வளவு குறைகிறது என்பது. அது புலத்துக்குப் புலம் மாறும் என்பதால் துல்லியமாகச் செய்யும்போது தொகையிட வேண்டும். இப்போதைக்குச் சராசரியை எடுப்போம். வெப்பநிலை 350 கெல்வின், சரிவு டிகிரிக்கு 0.05 மைக்ரோகூலும், புலம் செமீக்கு 100 கிலோவோல்ட். 0.05 × 100 என்பது 5 மில்லிஜூல். அதை 350-ஆல் பெருக்கினால் 1.75 ஜூல். 3-ஆல் வகுத்தால் 0.58 டிகிரி. இவ்வளவுதான்.

இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து. வளையத்தில் ஒரே புலத்துக்கு இரண்டு முனைவாக்கங்கள் இருக்கின்றன, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. எதை எடுப்பது? வழக்கம், உச்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் மேல்கிளையை எடுப்பது. டொமைன்கள் ஏற்கெனவே வரிசைக்கு வந்துவிட்டதால் சமநிலைக்கு அதுவே அருகில். ஆனால் மேக்ஸ்வெல் தொடர்பு சமநிலைக்கு மட்டுமே எழுதப்பட்டது. தயக்கம் என்றாலே சமநிலை இல்லை என்று பொருள். எனவே ஏறுகிளையிலும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு விடைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நம்பலாம். ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்கு என்றால், இரண்டுமே நம்பத்தக்கவை அல்ல. குறைந்த வெப்பநிலையில் உறைந்துபோன ரிலாக்சர்களில் இது அடிக்கடி நடக்கும். குறியே மாறி, இல்லாத தலைகீழ் விளைவைக்கூட இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சரிவு எடுக்கும்முன் புள்ளிகளின் மேல் வழவழப்பான வளைகோடு பொருத்துவார்கள். உயர்படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தினால் ஓரங்களில் பொய்யான மலைகள் முளைக்கும். அடுத்தது வெப்ப ஏற்புத்திறன்: நிலைமாற்றத்தில் அதற்கும் ஒரு உச்சம் உண்டு. அந்த உச்சத்தை மறந்துவிட்டு ஒரே மாறிலியைப் போட்டால், சரியாக மிகப் பெரிய விடை வரும் இடத்தில்தான் மிகப் பெரிய பிழையும் வரும்.

படி 5: நேரடி அளவீடு

மறைமுக எண் கையில் இருக்கட்டும், நம்புவதற்கு வெப்பமானி வேண்டும். தலைமயிர் தடிமனுள்ள தெர்மோகப்பிள் கம்பியை மாதிரியின் தரையிணைப்புப் பக்க மின்முனையில் ஒட்டுங்கள். உயர் மின்னழுத்தப் பக்கம் வேண்டாம். கே வகை தெர்மோகப்பிள் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அரை டிகிரி என்றால் 20 மைக்ரோவோல்ட். பக்கத்திலேயே 200 வோல்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இரைச்சல் எவ்வளவு சுலபமாக நுழையும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போட்ட கணத்தில் தெரியும் ஊசி போன்ற முள் பெரும்பாலும் மின் குறுக்கீடுதான், வெப்பம் அல்ல. மின்னழுத்தத்தின் குறியை மாற்றிப் பாருங்கள். முள்ளும் தலைகீழானால் அது குறுக்கீடு. உண்மையான சூடு குறி பார்க்காது.

மாதிரியை நூலில் தொங்கவிடுவதுபோல, முடிந்தவரை எதையும் தொடாமல் நிறுத்துங்கள். மின்தேக்கியை ஒரு மின்தடை வழியாக ஏற்றி இறக்குங்கள், அந்த மின்தடை மாதிரியிலிருந்து தள்ளியே இருக்கட்டும், அதில் வரும் சூடு உங்கள் கணக்கில் சேரக் கூடாது. ஏற்றும் நேரம், மாதிரி சுற்றுப்புறத்துக்குச் சூட்டை இழக்கும் நேரத்தைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மின்தேக்கியை மின்தடை வழியே முழுவதும் வடித்த பிறகே கை வையுங்கள்.

பிறகு வரிசை இது: புலம் கொடு, சூடு முழுக்க ஆறும்வரை பிடித்து வை, புலம் எடு, குளிர் முழுக்கத் தணியும்வரை காத்திரு. முதல் சுழற்சியை எறிந்துவிடுங்கள். அதில் புது மாதிரியின் டொமைன்கள் முதல்முறையாக வரிசைப்படும் சூடு கலந்திருக்கும், அது மறுபடி வராது. குறைந்தது பத்துச் சுழற்சிகள் எடுங்கள்.

படி 6: மீளும் பங்கையும் வீண் பங்கையும் பிரியுங்கள்

இப்போது அந்த 0.08-க்கு வருவோம். எலக்ட்ரோகலோரிக் வெப்பம் குறி மாறும்: போகும்போது சூடு, வரும்போது குளிர். தயக்க இழப்போ இரண்டு வழியிலும் சூடுதான். இரு பாதியிலும் இழப்பு சமம் என்று வைத்தால்:

மீளும் பங்கு = (0.52 + 0.44) ÷ 2 = 0.48 டிகிரி
ஒரு பாதியின் இழப்பு = (0.52 − 0.44) ÷ 2 = 0.04 டிகிரி

அதாவது இந்தப் பொருள் உண்மையில் 0.48 தரக்கூடியது. கையில் கிடைப்பது 0.44. சுழற்சிக்கு 0.08 டிகிரி சூடு உள்ளேயே பிறக்கிறது. இதை ஒருபக்க வளையத்தின் பரப்போடு ஒப்பிடுங்கள். 0.08 × 3 ஜூல் என்பது கன செமீக்கு 0.24 ஜூல். வளையத்தின் பரப்பு அதே அளவில் இருந்தால் துரத்திய கள்ளன் பிடிபட்டான்.

பொருந்தவில்லை என்றால் கசிவைப் பாருங்கள். அடையாளம் தெளிவானது: புலத்தைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் கோடு பழைய அடிமட்டத்துக்கு இறங்காமல் சற்று மேலேயே நின்றுவிடும். சதுர செமீக்கு 1 மைக்ரோஆம்பியர் கசிவு, செமீக்கு 100 கிலோவோல்ட் புலம் என்றால் கன செமீக்கு 0.1 வாட். வெப்பம் வெளியேறாவிட்டால் வினாடிக்கு 0.03 டிகிரி ஏற்றம். பத்து வினாடியில் 0.3 டிகிரி, கிடைத்த குளிர்ச்சியில் பெரும்பகுதி காலி. தயக்க இழப்பு சுழற்சிக்கு இவ்வளவு என்று வரும், கசிவு இழப்பு வினாடிக்கு இவ்வளவு என்று வரும். பிடித்து வைக்கும் நேரத்தை இரட்டித்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

படி 7: வெப்பத் தயக்கத்தைச் சோதியுங்கள்

பேரியம் டைட்டனேட்டின் நிலைமாற்றம் முதல்வகை. முனைவாக்கம் படிப்படியாக அல்ல, ஒரே தாவலில் வருகிறது. தாவலின் என்ட்ரோபி கன செமீக்கு, கெல்வினுக்குச் சுமார் 12 மில்லிஜூல். 400 கெல்வினால் பெருக்கி 3-ஆல் வகுத்தால், முழுத் தாவலும் கிடைத்தால் 1.6 டிகிரி. ஒற்றைப் படிகத்தில் செமீக்கு 4 கிலோவோல்ட் என்ற சிறிய புலத்திலேயே 0.9 டிகிரி அளந்திருக்கிறார்கள், 2013-ல்.

சிக்கல் இது. புலம் கொடுத்தால் நிலைமாற்ற வெப்பநிலை மேலே நகரும், பேரியம் டைட்டனேட்டில் செமீக்கு 1 கிலோவோல்ட்டுக்குச் சுமார் ஒன்றரை டிகிரி. வெப்பத் தயக்கம் 3 டிகிரி என்றால், புலத்தால் தாவிய பொருள் புலத்தை எடுத்ததும் திரும்பித் தாவ, குறைந்தது அந்த 3 டிகிரியைத் தாண்டி நகர்த்தியிருக்க வேண்டும். அதாவது செமீக்கு 2 கிலோவோல்ட்டாவது. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் முதல்முறை அருமையான சூடு வரும், எடுக்கும்போது ஒன்றுமே வராது. பொருள் தாவிய பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். சூடாக்கியோ ஆறவிட்டோ மீட்டமைத்துவிட்டு அளந்து, அந்த முதல் எண்ணையே விளைவு என்று எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் பயனில்லை.

வேலை வெப்பநிலையையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஆறவிடும்போது தாவும் வெப்பநிலைக்குக் கீழே போனால் புலம் இல்லாமலேயே பொருள் ஒழுங்குக்கு வந்துவிடும். எனவே நிலைமாற்றத்துக்குச் சற்று மேலேயே நில்லுங்கள். புலத்தை இன்னும் உயர்த்தினால் தாவலே மறைந்து, மாற்றம் வழவழப்பாகி, தயக்கமும் போய்விடும் ஒரு கட்டம் உண்டு. 2019-ல் லெட் ஸ்காண்டியம் டான்டலேட் பலஅடுக்கு மின்தேக்கியில் அறை வெப்பநிலை அருகே 5.5 டிகிரி கிடைத்தது இந்த வழியில்தான்.

படி 8: பொருளிலிருந்து கருவிக்கு

5.5 டிகிரியை வைத்துக் குளிர்பதனப் பெட்டி செய்ய முடியாது. மீளுருவாக்கி என்ற அமைப்பு இதைப் பெருக்குகிறது. மின்தேக்கிகளை வரிசையாக அடுக்கி, நடுவே ஒரு திரவத்தை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். புலம் இருக்கும்போது திரவம் ஒரு பக்கம் போய்ச் சூட்டை எடுத்துச் செல்லும், புலம் இல்லாதபோது மறுபக்கம் வந்து குளிரை எடுத்துச் செல்லும். சில நூறு சுழற்சிகளில் இரு முனைகளுக்கும் இடையே வேறுபாடு ஏறிக்கொண்டே போகும். லக்சம்பர்க் ஆய்வாளர்களின் இத்தகைய கருவி 2020-ல் 13 டிகிரி இடைவெளியைக் காட்டியது. 2023-ல் அது 20.9 டிகிரி ஆனது, குளிர்விக்கும் திறன் 4.2 வாட்.

இங்கே தயக்கம் பெருக்கப்பட்டு வருகிறது. ஆய்வுமேசையில் சுழற்சிக்கு 0.08 டிகிரி என்பது அசட்டையாக விடக்கூடிய எண். கருவி வினாடிக்கு ஒரு சுழற்சி ஓடினால், ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு கன செமீக்குள்ளும் 4.8 டிகிரிக்கான சூடு பிறக்கிறது. திரவம் முதலில் அதைச் சுமந்துவிட்டுத்தான் பயனுள்ள வேலையைச் செய்யும். அதனால் மாதிரியைக் கருவிக்குள் வைக்கும்முன் கடைசியாக ஒரு சோதனை செய்துவிடுங்கள். காத்திருப்பே இல்லாமல் ஆயிரம் சுழற்சிகளைத் தொடர்ந்து ஓட்டுங்கள். ஒவ்வொரு சுழற்சியின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுச் சராசரிக் கோட்டை மட்டும் பாருங்கள். அது எவ்வளவு மேலே ஏறி எங்கே நிலைக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, ஆயிரமாவது சுழற்சியின் இறக்கத்தை முதல் பத்தின் இறக்கத்தோடு ஒப்பிடுங்கள். என்னுடைய மின்தேக்கியில் 0.44 என்று தொடங்கியது 0.43-இல் நின்றது. அடிமட்டம் மட்டும் ஒன்றே கால் டிகிரி உயர்ந்திருந்தது. குறிப்பேட்டில் 0.52-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்தேன்.